அழைப்பு வரவைக்கும் சிவி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

வேலைக்கு விண்ணப்பிப்பது பற்றி வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் சிவி பற்றியவை. ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறோம். ஆள் தேர்வுப் பணியில் இருப்பவர்கள் பதில் சொல்கிறார்கள்.

கே: ஆறு மாதமாக விண்ணப்பித்துக்கொண்டே இருக்கிறேன். ஒரு அழைப்புகூட வரவில்லை. சிவியில் கோளாறா, என்னிடம் கோளாறா?
– தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் 4 ஆண்டு அனுபவம் உள்ளவர்

ப: எந்த இடத்தில் அறுந்துபோகிறது என்று முதலில் பாருங்கள். நேர்காணல்வரை போய்த் திரும்புகிறவர் சிவியைத் திருத்துவதில் பயனில்லை. அது தன் வேலையை முடித்துவிட்டது. அழைப்பே வராதவருக்குக் காரணம் பெரும்பாலும் மூன்றில் ஒன்று. தகுதி பொருந்தாத இடங்களுக்கு அனுப்புகிறார். தகுதி பொருந்துகிறது, ஆனால் அது சிவியில் கண்ணில் படவில்லை. அல்லது தொலைபேசி எண்ணிலோ மின்னஞ்சலிலோ பிழை. மூன்றாவதைக் கேட்டுச் சிரிக்க வேண்டாம். எண்ணை மாற்றிய பிறகும் பழைய எண்ணோடு சுற்றிக்கொண்டிருக்கும் சிவிகள் ஏராளம். வெளிநாட்டு வேலை என்றால் நாட்டுக் குறியீடு இல்லாத எண்ணும் தவறான எண்தான்.

இரண்டாவது காரணம்தான் உங்களுக்கும் இருக்கும் என்று தோன்றுகிறது. ஒரே சிவியை எல்லா இடத்துக்கும் அனுப்புவதாகக் கடிதத்தின் பின்பகுதியில் எழுதியிருக்கிறீர்கள். இப்படிச் செய்து பாருங்கள். விளம்பரத்தை அச்செடுத்து, ‘கட்டாயம்’ என்று கேட்டிருப்பவற்றை ஒரு நிறத்திலும் ‘இருந்தால் நல்லது’ என்பவற்றை இன்னொரு நிறத்திலும் கோடிடுங்கள். பட்டியலில் முதலில் வருவதும், இரண்டு மூன்று முறை திரும்ப வருவதும்தான் அவர்களுடைய உண்மையான தேவை. பிறகு உங்கள் சிவியை எடுத்து, ஒவ்வொரு ‘கட்டாய’த்துக்கும் ஆதாரம் எந்த வரியில் இருக்கிறது என்று தேடுங்கள். இருக்கிறது, ஆனால் இரண்டாம் பக்கத்தின் நடுவில் என்றால், இல்லாததற்குச் சமம்.

2018-ல் லேடர்ஸ் என்ற வேலைவாய்ப்புத் தளம், தேர்வாளர்களின் கண் அசைவைப் பதிவு செய்து பார்த்தபோது, ஒரு சிவியின் முதல் பார்வைக்கு அவர்கள் செலவிட்டது சராசரியாக 7.4 விநாடி. இதைச் சொல்லிப் பலர் பயமுறுத்துகிறார்கள். அது முழு வாசிப்பு அல்ல. ‘வைத்துக்கொள்ளலாமா, தள்ளிவிடலாமா’ என்ற முதல் பிரிப்பு. அந்தப் பிரிப்பில் கண் போவது இப்போதைய பதவி, முந்தைய பதவி, தேதிகள், படிப்பு ஆகியவற்றுக்கு. ஆகவே முதல் பக்கத்தின் மேல்பாதியில் அந்த வேலைக்குத் தேவையானது இருந்தாக வேண்டும்.

ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் புதிதாக எழுதவும் வேண்டாம். ஒரு மூலக் கோப்பு வைத்துக்கொள்ளுங்கள். செய்த எல்லா வேலையும், எல்லாப் பயிற்சியும், எல்லா எண்களும் அதில் இருக்கட்டும். 5 பக்கம் போனாலும் பரவாயில்லை, யாருக்கும் அனுப்பப்போவதில்லை. விண்ணப்பிக்கும்போது அதைப் பிரதி எடுத்து வெட்டுங்கள். மாற வேண்டியவை மூன்றே இடங்கள்: மேலே வரும் மூன்று வரி அறிமுகம், திறன்களின் வரிசை, கடைசி வேலையின் கீழ் வரும் முதல் இரண்டு குறிப்புகள். அரைமணி நேரத்தில் முடிகிற காரியம். தேதி, பதவிப் பெயர், பட்டம் இவற்றில் மட்டும் கை வைக்கக் கூடாது.

இது புதிய உபாயமும் அல்ல. 1482 வாக்கில் லியொனார்டோ டா வின்சி, மிலானை ஆண்ட லுடோவிகோ ஸ்ஃபோர்ஸாவிடம் வேலை கேட்டு எழுதிய கடிதத்தின் வரைவு இன்னும் இருக்கிறது. சட்டென்று பிரித்து எடுத்துப்போகும் பாலங்கள், பீரங்கிகள், மூடிய போர் வண்டிகள் என்று அடுக்கிக்கொண்டே போகிறார். ஓவியமும் வரைவேன் என்பது கடைசியில்தான் வருகிறது. ஆட்சியாளருக்கு அப்போது வேண்டியிருந்தது போர்க்கருவி.

கே: ‘பொறுப்பு வகித்தேன்’ என்று எழுதாதே, சாதனையை எழுது என்கிறார்கள். நான் ஸ்டோர் கீப்பர். இதில் என்ன சாதனை?
– ஒரு தொழிற்சாலை ஊழியர்

ப: சாதனை என்ற சொல்தான் ஆளை மிரட்டுகிறது. அதை விட்டுவிடுங்கள். எவ்வளவு பெரிய வேலை, அதில் நீங்கள் இருந்ததால் என்ன மாறியது, இந்த இரண்டும் தெரிந்தால் போதும்.

உங்கள் சிவியில் இருக்கும் வரி: “ஸ்டோர் நிர்வாகம், இருப்புப் பதிவேடு பராமரிப்பு ஆகியவற்றுக்குப் பொறுப்பு வகித்தேன்.” 50 பொருள் உள்ள சின்ன அறையைப் பார்த்துக்கொண்டவரும் இதையேதான் எழுதுவார், 5,000 பொருள் உள்ள கிடங்கைப் பார்த்துக்கொண்டவரும் இதையேதான் எழுதுவார். படிக்கிறவருக்கு வித்தியாசம் தெரிய வழியில்லை. கடிதத்தில் நீங்கள் தந்திருக்கும் விவரங்களை வைத்தே மாற்றிப் பார்ப்போம்:

• சுமார் 1,200 வகை உதிரிபாகங்கள் கொண்ட ஸ்டோரின் வரவு, வழங்கல் பதிவு. இரண்டு உதவியாளர்களுக்கு மேற்பார்வை.
• அடிக்கடி தேவைப்படும் 150 பாகங்களுக்குக் குறைந்தபட்ச இருப்பு அளவு நிர்ணயித்ததில், பாகம் இல்லாமல் இயந்திரம் நிற்பது மாதத்துக்கு 5 முறையிலிருந்து 1 முறையாகக் குறைந்தது.
• ஆண்டுக்கு ஒரு முறை நடந்த இருப்புச் சரிபார்ப்பைப் பகுதி பகுதியாக வாரந்தோறும் நடத்தும் முறைக்கு மாற்றியது. கணக்குக்கும் கையிருப்புக்கும் உள்ள வேறுபாடு மாதக் கணக்கு முடிக்கும் முன்பே தெரியவந்தது.

முதல் வரி வேலையின் அளவைச் சொல்கிறது. இரண்டாவதில் என்ன செய்தார், அதனால் என்ன நடந்தது இரண்டும் இருக்கின்றன. மூன்றாவதில் எண்ணே இல்லாமல் ஒரு மாற்றம் தெரிகிறது. எல்லா வரியிலும் எண் இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை. வலிந்து திணித்த எண் பல் இளிக்கும்.

எண்கள் எங்கிருந்து வரும்? உட்கார்ந்து இந்தக் கேள்விகளை உங்களையே கேளுங்கள்: ஒரு நாளைக்கு அல்லது மாதத்துக்கு எவ்வளவு கையாண்டேன்? எத்தனை பேரோடு? எவ்வளவு நேரத்தில்? நான் வருவதற்கு முன்பு எப்படி இருந்தது, பிறகு எப்படி? தவறு, தாமதம், புகார், விரயம் இவற்றில் எது குறைந்தது? பழைய மாத அறிக்கை, ஆண்டு மதிப்பீட்டுப் படிவம் ஆகியவற்றில் பாதி விடை கிடைக்கும். நிறுவனத்தின் ரகசியமான தொகைகளை எழுத வேண்டாம். ‘சுமார்’ என்றோ, ‘1,000–1,500 வரை’ என்றோ எழுதினால் போதும்.

விழுக்காட்டில் கவனம் தேவை. ‘செயல்திறனை 30% உயர்த்தினேன்’ என்றால் எதில் 30% என்று நேர்காணலில் கேட்பார்கள். ‘ஆர்டர் அனுப்பும் நேரம் 10 நாளிலிருந்து 7 நாளாகக் குறைந்தது’ என்பதும் அதே 30%தான். ஆனால் கேள்விக்கு இடம் வைக்கவில்லை. எழுதிய ஒவ்வொரு வரியைப் பற்றியும் இரண்டு நிமிடம் தடுமாறாமல் பேச முடியுமா என்று சோதியுங்கள். முடியாத வரியை எடுத்துவிடுங்கள்.

செவிலியர், ஆசிரியர் போன்றோர் ‘என் வேலையில் முன்பு, பிறகு என்றெல்லாம் இல்லையே’ என்று எழுதியிருக்கிறார்கள். அவர்களுக்கு அளவைச் சொன்னாலே போதும். ‘24 படுக்கைகள் கொண்ட அறுவை சிகிச்சைப் பிரிவு, ஒரு ஷிஃப்டுக்கு 6 நோயாளிகள்’ என்பது ‘நோயாளிகளை அன்புடன் கவனித்தேன்’ என்பதைவிடப் பத்து மடங்கு பேசும்.

கடைசி வேலைக்கு 4 அல்லது 5 குறிப்புகள், அதற்கு முந்தையதற்கு 2 அல்லது 3, இன்னும் பழையதற்கு ஒன்று. ஒரு குறிப்பு இரண்டு வரியைத் தாண்டினால் அதில் இரண்டு விஷயம் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம், பிரியுங்கள்.

கே: சிவியை முதலில் கம்ப்யூட்டர்தான் படிக்கிறதாம், மனிதர் பார்ப்பதற்கு முன்பே தூக்கி எறிந்துவிடுகிறதாம். உண்மையா? அதை எப்படித் தாண்டுவது?
– மூன்று வாசகர்கள்

ப: பாதி உண்மை. பெரிய நிறுவனங்கள் விண்ணப்பங்களை ஏடிஎஸ் எனப்படும் மென்பொருளில்தான் வாங்குகின்றன. அது உங்கள் கோப்பிலிருந்து எழுத்துகளை உருவி, பெயர், பதவி, நிறுவனம், தேதி, படிப்பு என்று கட்டம் கட்டமாகப் பிரித்து வைக்கிறது. தேர்வாளர் அதில் தேடுகிறார், வடிகட்டுகிறார். சில மென்பொருட்கள் பொருத்தத்தைக் கணித்து வரிசைப்படுத்தவும் செய்கின்றன. ஆனால் தானாக நிராகரிக்கப்படுவது பெரும்பாலும் சிவியால் அல்ல, விண்ணப்பப் படிவத்தில் வரும் கேள்விகளால். ‘இந்த நாட்டில் வேலை செய்ய அனுமதி உண்டா’, ‘இத்தனை ஆண்டு அனுபவம் உண்டா’ என்பவற்றுக்கு அவசரத்தில் தவறாக ‘இல்லை’ என்று தட்டிவிட்டால் கதை அங்கேயே முடிந்துவிடும்.

சிவியால் வரும் ஆபத்து வேறு. மென்பொருள் அதைத் தவறாகப் பிரித்துவிடும். செய்தித்தாள்போல இடமும் வலமுமாக இரண்டு பத்தியாக அமைத்த பக்கத்தை இடமிருந்து வலமாகக் குறுக்கே படித்து, இடது பத்தியின் ‘திறன்கள்’ பட்டியலை வலது பத்தியின் பதவிப் பெயர்களோடு கலந்துவிடலாம். பக்கத்தின் தலைப்பகுதியில், அதாவது ஹெடரில், வைத்த தொலைபேசி எண்ணைச் சில மென்பொருட்கள் பார்ப்பதே இல்லை. படமாக இருக்கும் எழுத்து பல மென்பொருட்களுக்கு எழுத்தே அல்ல. காகிதத்தை ஸ்கேன் செய்து அனுப்பும் பிடிஎஃப் அவற்றுக்கு வெற்றுப் பக்கம்தான்.

இதைச் சோதிக்க எந்தக் கட்டணச் சேவையும் வேண்டாம். பிடிஎஃப்பைத் திறந்து முழுவதையும் தெரிவு செய்து, நகலெடுத்து, நோட்பேடில் ஒட்டுங்கள். ஒன்றும் ஒட்டவில்லை என்றால் உங்கள் கோப்பு வெறும் படம். ஒட்டியது என்றால் மேலிருந்து கீழாக வாசியுங்கள். வரிசை குழம்பியிருக்கிறதா? தொலைபேசி எண் இருக்கிறதா? குறிப்புகளுக்கு முன் வரும் புள்ளிகள் கேள்விக்குறிகளாகவோ சதுரங்களாகவோ மாறிவிட்டனவா? ஆங்கிலச் சிவி என்றால் ‘எஃப்’, ‘ஐ’ இரண்டும் அடுத்தடுத்து வரும் சொற்களைப் பாருங்கள். சில எழுத்துருக்கள் அந்த இரண்டையும் ஒட்டி ஒரே வடிவமாக அச்சிடும். உருவும்போது அது காணாமல் போகும். ‘ஆஃபீஸ்’ என்ற சொல்லின் நடுவில் ஓட்டை விழுந்திருந்தால் எழுத்துருவை மாற்றுங்கள்.

பக்கத்தை இடம், வலம் என்று பிரிக்காமல் ஒற்றைப் பத்தியாக அமையுங்கள். தலைப்புகள் எல்லோரும் வைக்கும் தலைப்புகளே: பணி அனுபவம், கல்வி, திறன்கள். ‘என் பயணம்’ என்று கவித்துவமாக வைத்தால் மென்பொருள் அதை எந்தக் கட்டத்தில் போடும்? தேதிகள் எல்லாம் ஒரே வடிவில், 03/2021 – 08/2023 என்பதுபோல, இருக்க வேண்டும். சுருக்கப் பெயர்களை ஒரு முறையாவது முழுப்பெயரோடு எழுதுங்கள். தேடுகிறவர் எதைத் தட்டுவார் என்று நமக்குத் தெரியாது. விளம்பரம் ‘உள் தணிக்கை’ என்று கேட்டிருந்தால் நீங்களும் ‘உள் தணிக்கை’ என்றே எழுதுங்கள், ‘கணக்கு ஆய்வு’ என்று மொழிநடை காட்ட வேண்டாம்.

விளம்பரத்தின் சொற்களை எல்லாம் வெள்ளை எழுத்தில் கண்ணுக்குத் தெரியாமல் ஒட்டிவைக்கும் தந்திரத்தைப் பற்றி ஒருவர் கேட்டிருக்கிறார். மென்பொருள் உருவி எடுத்ததும் அந்த வெள்ளை எழுத்துகள் கறுப்பாகத் தேர்வாளரின் திரையில் வந்து நிற்கும். பிறகு சிவியில் இருக்கும் உண்மைகளையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

இன்னொன்று. கோப்பை ஏற்றியதும் படிவம் தானாக நிரம்பும். ‘எல்லாம் வந்துவிட்டது’ என்று அடுத்த பக்கத்துக்குத் தாவாதீர்கள். நிறுவனத்தின் பெயர் பதவியின் கட்டத்திலும், தேதி ஒரு வருடம் தள்ளியும் உட்கார்ந்திருப்பது சகஜம். தேர்வாளர் பல நேரம் வடிகட்டுவது இந்தக் கட்டங்களை வைத்துத்தான்.

கே: இப்போதுதான் இறுதியாண்டு முடிக்கிறேன். அனுபவம் பகுதியில் எழுத ஒன்றுமே இல்லை. ‘கடின உழைப்பாளி, குழுவாகச் செயல்படுபவள், விரைவில் கற்றுக்கொள்பவள்’ என்று போட்டிருக்கிறேன். சரியா?
– கல்லூரி மாணவி

ப: அந்த மூன்றையும் அடித்துவிடுங்கள். அவற்றை எழுதாதவர் யாரும் இல்லை. ஆதாரம் இல்லாத பெயரடையை எல்லோரும் கண்ணால் தாண்டிவிடுகிறார்கள்.

கல்வியை மேலே கொண்டுவாருங்கள். அதன் கீழ் இறுதியாண்டு புராஜெக்ட். பெரும்பாலோர் புராஜெக்டின் தலைப்பை மட்டும் எழுதி நிறுத்திவிடுகிறார்கள். தலைப்புக்குக் கீழே மூன்று வரி வேண்டும்: எந்தச் சிக்கலுக்காக, எதைக் கொண்டு, என்ன வந்தது. நான்கு பேர் சேர்ந்து செய்தது என்றால் உங்கள் பங்கு எது என்பதும் தெரிய வேண்டும். ‘4 பேர் குழு, தரவு சேகரிப்பும் பகுப்பாய்வும் என் பகுதி’ என்று எழுதிவிட்டால், ‘குழுவாகச் செயல்படுபவள்’ என்று தனியாகச் சொல்லத் தேவையே வராது.

பகுதிநேர வேலை, குடும்பத் தொழிலில் கணக்குப் பார்த்தது, கல்லூரி விழாவுக்கு நிதி திரட்டியது, சிறுவர்களுக்கு டியூஷன் எடுத்தது எல்லாமே அனுபவம்தான். சம்பளம் வாங்கினால்தான் அனுபவம் என்று எந்த விதியும் இல்லை. ஆனால் இன்னது இன்னது என்று நேராக எழுதுங்கள். டியூஷனை ‘கல்வி ஆலோசகர்’ ஆக்க வேண்டாம்.

மதிப்பெண் நன்றாக இருந்தால் போடுங்கள், சுமாராக இருந்தால் விளம்பரம் கேட்டால் மட்டும் போடுங்கள். மொத்தம் ஒரு பக்கம். திறன்களுக்கு நிறப் பட்டை வரைந்து ‘எக்செல் 80%’ என்று போட்டிருக்கிறீர்கள். மீதி 20% என்ன என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்? ‘எக்செல்: பிவட் டேபிள், விலுக்கப், அடிப்படை மேக்ரோ’ என்று எழுதினால் விளங்கும். மொழிகளுக்கு ஐரோப்பியப் பொது அளவுகோலில் ஏ1 முதல் சி2 வரை ஆறு படிகள் இருக்கின்றன. தேர்வு எழுதியிருந்தால் அந்தப் படியைக் குறிப்பிடலாம். இல்லாவிட்டால் ‘பேசவும் எழுதவும் சரளம்’, ‘பேச மட்டும்’ என்று எழுதினால் போதும்.

கே: குழந்தைக்காக 3 ஆண்டு வேலையை விட்டேன். சிவியில் அந்த இடைவெளியை எப்படி மறைப்பது?
– பெயர் வேண்டாம் என்று கேட்டவர்

ப: மறைக்க வேண்டாம். மறைத்த இடம்தான் முதலில் கண்ணில் படும். சிலர் மாதங்களை எடுத்துவிட்டு ஆண்டை மட்டும் போடுகிறார்கள். சில மாத இடைவெளிக்கு அது உதவும், 3 ஆண்டுக்கு உதவாது. இன்னும் சிலர் தேதி வரிசையையே கைவிட்டு, திறன்வாரியாகச் சிவியை அமைக்கிறார்கள். அதைப் பார்த்ததும் அனுபவமுள்ள தேர்வாளர் செய்யும் முதல் காரியம், எங்கே இடைவெளி என்று தேடுவதுதான்.

அனுபவப் பகுதியில் தேதி வரிசைப்படியே ஒரு வரி எழுதுங்கள்: “06/2021 – 07/2024: குடும்பப் பொறுப்புக்கான பணி இடைவெளி.” அதற்குக் கீழே, அந்தக் காலத்தில் முடித்த பயிற்சி, எடுத்துச் செய்த சிறு வேலை இருந்தால் இன்னொரு வரி. இல்லையென்றால் விட்டுவிடுங்கள், வீட்டு வேலையை ‘இல்ல மேலாண்மை நிபுணர்’ என்று அலங்கரிப்பது உங்களுக்கு உதவாது. உடல்நலம் காரணம் என்றாலும் ‘உடல்நலம் காரணமான இடைவெளி, இப்போது முழுநேரப் பணிக்குத் தயார்’ என்பதற்கு மேல் ஒரு சொல் வேண்டாம். நோயின் பெயர் யாருக்கும் தேவையில்லை.

மூன்று ஆண்டில் உங்கள் துறையில் மென்பொருளோ சட்டமோ மாறியிருக்கும். உண்மையான தடை அதுதான். மாறியது எது என்று கண்டுபிடித்து அதில் ஒரு குறுகிய பயிற்சி முடித்து, முடித்த மாதத்தோடு சிவியின் மேல்பாதியில் போடுங்கள்.

கே: போட்டோ, பிறந்த தேதி, தந்தை பெயர், திருமண நிலை, அடையாள அட்டை எண், கடைசியில் கையெழுத்து... எது வேண்டும், எது வேண்டாம்?
– பல வாசகர்கள்

ப: பெயர், தொலைபேசி, மின்னஞ்சல், ஊர் இந்த நான்கும் போதும். தேவைப்பட்டால் லிங்க்டின் முகவரி. வீட்டு எண், தெருப் பெயர் வேண்டாம்.

போட்டோவில் நாட்டுக்கு நாடு வழக்கம் மாறுகிறது. அமெரிக்கா, பிரிட்டன், கனடா போன்ற நாடுகளில் போடாமல் இருப்பதுதான் முறை. பாகுபாட்டுப் புகார் வரக்கூடும் என்பதால் போட்டோ உள்ள சிவியைக் கண்டு சங்கடப்படும் நிறுவனங்கள் உண்டு. ஜெர்மனியில் நீண்ட காலமாகப் போட்டோ ஒட்டும் வழக்கம் இருக்கிறது, கட்டாயம் இல்லை. விண்ணப்பிக்கும் நாட்டின் வழக்கத்தைப் பாருங்கள். வயது, மதம், திருமணம் ஆகியவற்றுக்கும் இதே பதில்தான். கேட்காதவரை எழுத வேண்டாம்.

அடையாள அட்டை எண், பாஸ்போர்ட் எண், வங்கி விவரம் மட்டும் எந்த நாட்டுக்கும் எந்தச் சிவியிலும் கூடாது. போலி வேலை விளம்பரம் போட்டு இவற்றைத் திரட்டுகிற கும்பல்கள் இருக்கின்றன. உண்மையான நிறுவனத்துக்கு இவை தேவைப்படுவது உங்களைத் தேர்ந்தெடுத்த பிறகுதான்.

கே: எனக்கு 52 வயது. 28 ஆண்டு அனுபவத்தை எழுதினால் 5 பக்கம் வருகிறது. எதை வெட்டுவது?
– உற்பத்தித் துறை மேலாளர்

ப: கடைசி 10 முதல் 15 ஆண்டு வரை விரிவாக எழுதுங்கள். அதற்கு முந்தையதை ‘முந்தைய பணிகள்’ என்ற தலைப்பில், பதவி, நிறுவனம் மட்டும் ஒவ்வொரு வரியாக. மொத்தம் இரண்டு பக்கம். பேராசிரியர், ஆராய்ச்சியாளர் பதவிகளுக்கு மட்டும் இந்தக் கணக்கு பொருந்தாது. அங்கே கட்டுரைப் பட்டியலே பல பக்கம் போகும், போகலாம்.

வழக்கொழிந்த மென்பொருட்கள், பள்ளி மதிப்பெண், 20 ஆண்டுக்கு முன் பெற்ற ஒருநாள் பயிற்சிச் சான்றிதழ்கள் முதலில் போகட்டும். உங்கள் சிவியில் இன்னொரு சிக்கலும் தெரிகிறது. மேலாளர் பதவிக்கு விண்ணப்பிக்கிறீர்கள், ஆனால் குறிப்புகள் எல்லாம் பொறியாளர் செய்யும் வேலையைப் பேசுகின்றன. எத்தனை பேரை நடத்தினீர்கள், எவ்வளவு பட்ஜெட் உங்கள் கையில் இருந்தது, எந்த முடிவை நீங்கள் எடுத்தீர்கள் என்பவை மேலே வர வேண்டும். இயந்திரத்தின் மாடல் எண்கள் கீழே போகலாம், அல்லது போகவே வேண்டாம்.

கே: சாட்ஜிபிடியிடம் எழுதி வாங்கினால் கண்டுபிடித்துவிடுவார்களா?
– ஓர் இளைஞர்

ப: கண்டுபிடிக்கிறார்களா என்பது இருக்கட்டும். ஒரே விளம்பரத்துக்கு வரும் சிவிகளில் பல ஒரே மெருகோடு, ஒரே சொற்களோடு வந்தால், எதுவும் நினைவில் நிற்காது. அதைவிடப் பெரிய ஆபத்து, நீங்கள் செய்யாததை அது நம்பும்படி எழுதிவிடும். தொடாத மென்பொருளில் ‘ஆழ்ந்த அனுபவம்’ என்று வந்திருப்பதைக் கவனிக்காமல் அனுப்பி, நேர்காணலில் முதல் கேள்வியே அதிலிருந்து வந்தால் தப்ப வழியில்லை.

முதல் வரைவை நீங்களே எழுதுங்கள். பிறகு விளம்பரத்தையும் வரைவையும் சேர்த்துக் கொடுத்து, ‘விளம்பரம் கேட்பதில் எதற்கு இதில் ஆதாரம் இல்லை?’, ‘எந்த வரி மங்கலாக இருக்கிறது?’ என்று கேளுங்கள். எழுத்துப் பிழை பார்க்கவும் நல்லது. கொடுப்பதற்கு முன் பெயர், எண், முகவரியை நீக்கிவிடுங்கள்.

சில சின்னக் கேள்விகள்

எழுத்தின் அளவு? தலைப்பு தவிர்த்த எழுத்து 10 முதல் 12 பாயின்ட், ஓரம் நான்கு பக்கமும் சுமார் 2 முதல் 2.5 செ.மீ. இடம் போதவில்லை என்றால் வரியை வெட்டுங்கள், எழுத்தைச் சுருக்காதீர்கள்.

வேர்டா, பிடிஎஃப்பா? விளம்பரம் சொன்னதை. சொல்லாவிட்டால் பிடிஎஃப், வேர்டிலிருந்து நேராகச் சேமித்தது, ஸ்கேன் செய்தது அல்ல.

கோப்பின் பெயர்? உங்கள் பெயர், பதவி. ‘சிவி ஃபைனல் நியூ 3’ என்று வருபவை தேர்வாளரின் கணினியில் குவிந்து கிடக்கின்றன, எது யாருடையது என்று தெரியாமல்.

மின்னஞ்சல் முகவரி? பெயரில் ஒன்று உருவாக்கிக்கொள்ளுங்கள். பள்ளிக்கால விளையாட்டுப் பெயரும் வேண்டாம், இப்போதைய அலுவலக முகவரியும் வேண்டாம்.

சிவியைத் தமிழில் கேட்டால்? யூனிகோடில் மட்டும் தட்டெழுதுங்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டினால் உங்கள் திரையில் தமிழாகத் தெரியும். உருவி எடுக்கும் மென்பொருளுக்கும் அந்த எழுத்துரு இல்லாத கணினிக்கும் அது பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியல்.

பொழுதுபோக்கு? ‘இசை கேட்பது, நூல் வாசிப்பது’ வேண்டாம். மாவட்ட அளவில் சதுரங்கம் ஆடியிருந்தால் எழுதலாம்.

பரிந்துரைப்பவர்கள்? கேட்டால் மட்டும். அவர்களிடம் முன்பே சொல்லிவிட்டுக் கொடுங்கள். ‘கேட்டால் தரப்படும்’ என்ற வரி இடத்தை அடைக்கிறது, அவ்வளவுதான்.

சம்பள எதிர்பார்ப்பு? சிவியில் வேண்டாம். படிவத்தில் கட்டாயம் என்றால் ஒரு வீச்சாகக் கொடுங்கள்.

முகப்புக் கடிதம்? கேட்டால் எழுதுங்கள், அரைப் பக்கம். சிவியைத் திரும்பச் சொல்லாமல், ஏன் இந்த வேலை, விளம்பரத்தின் முதல் இரண்டு தேவைக்கு உங்களிடம் என்ன இருக்கிறது என்பது மட்டும்.

கே: அனுப்பிய பிறகுதான் சிவியில் தவறு இருப்பதைப் பார்த்தேன். திருத்தி மறுபடி அனுப்பலாமா?
– ஒரு கணக்காளர்

ப: தவறு எது என்பதைப் பொறுத்தது. ஓர் எழுத்துப் பிழைக்காக மறுபடி அனுப்பினால், கவனிக்காதவரையும் கவனிக்க வைக்கிறீர்கள். விட்டுவிட்டு அடுத்த விண்ணப்பத்துக்குத் திருத்துங்கள். தொலைபேசி எண், தேதி, பட்டம், பதவிப் பெயர் ஆகியவற்றில் தவறு என்றால் உடனே அனுப்புங்கள். இவற்றில் உள்ள முரண்பாடு பின்னணிச் சரிபார்ப்பின்போது பொய்யாகத் தெரியும். விண்ணப்பத் தளத்தில் கோப்பை மாற்றும் வசதி இருந்தால் மாற்றுங்கள். இல்லாவிட்டால் விளம்பரத்தின் குறிப்பு எண்ணைத் தலைப்பில் போட்டு, “இணைத்துள்ள சிவியில் பணித் தேதி ஒன்றைத் திருத்தியுள்ளேன்; முந்தையதற்குப் பதிலாக இதைப் பயன்படுத்தக் கேட்டுக்கொள்கிறேன்” என்று ஒரே வரி எழுதி அனுப்புங்கள். மன்னிப்பும் விளக்கமும் வேண்டாம். லிங்க்டினில் அதே தேதி எப்படி இருக்கிறது என்று பார்த்து, அங்கேயும் மாற்றிவிடுங்கள்.